தூண்டில் சாமானை வீட்டுல பத்திரமா வெச்சுக்கிறது: சேலம், மேட்டூர், ஏற்காடு பக்கத்துல அடிக்கடி கேக்குற கேள்விகள்

மேட்டூர், பூலாம்பட்டின்னு ஞாயித்துக்கிழமை தூண்டில் ராடு தூக்கிட்டு கிளம்புற ஆளுங்க நம்ம ஊர்ல நிறைய. எந்த லூர் (செயற்கை இரை) வாங்கலாம், தூண்டில் நூல் சுத்துற ரீல் எது நல்லாருக்கும்னு எல்லாரும் பேசுறாங்க, வாங்குனதை வீட்டுல எப்படி வெக்கிறதுன்னு பேச ஆளில்ல. ஆனா பாருங்க, நம்ம சாமான்ல பாதி தண்ணில போறதில்ல, வீட்டுலயே வெயில்ல உருகியும் ஈரத்துல துருப்பிடிச்சும் போகுது. அதனால திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்களுக்கு இங்க ஒரே எடத்துல பதில் எழுதி வெச்சிருக்கேன்.

அண்ணா, எல்லாம் ஒரே டப்பால கெடக்கு, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

மொதல்ல புது டப்பா வாங்காதீங்க. எல்லாரும் பண்றது அதுதான், ஆன்லைன்ல பெரிய டேக்கிள் பாக்ஸ் ஆர்டர் போட்டு பழைய குப்பையை அப்படியே அதுல கொட்டிடுவாங்க. ஒரு பழைய வெள்ளை வேட்டியை தரையில விரிச்சு மொத்தத்தையும் அதுமேல கொட்டுங்க, சின்ன தூண்டில் முள்ளு கூட வெள்ளைத் துணியில பளிச்சுன்னு தெரியும், இல்லன்னா ராத்திரி யாரோ ஒருத்தர் கால்ல ஏறும். துருப்பிடிச்ச முள்ளு, சுருண்டு போன நரம்பு (தூண்டில் நூல்), உடைஞ்ச தக்கை (மிதவை) இதெல்லாம் ஒரு பக்கம் தள்ளிடுங்க. மிச்சம் இருக்கறதைப் பாத்தா நீங்க நெனச்சதைவிட கம்மியாத்தான் இருக்கும்.

பொருள் வாரியா பிரிக்கணுமா, மீன் வாரியா பிரிக்கணுமா?

மீன் வாரியாத்தாங்க. கடைக்காரருக்கு முள்ளு தனி, ஈயக்குண்டு தனி, தக்கை தனின்னு இருக்கறது வசதி, நமக்கு அப்படி வெச்சா ஒரு நாளைக்கு போறதுக்கு நாலு டப்பாவையும் தூக்கணும், கரையில ஒக்காந்து நாலையும் தொறந்து மூடணும், அப்பதான் ஒண்ணு கவுந்து தண்ணில விழும்.

ஜிலேபி மீனுக்குன்னு ஒரு சின்ன டப்பா போட்டுக்கங்க, அதுல 8, 10 நம்பர் முள்ளு, சின்ன தக்கை, கடுகு மாதிரி குட்டி ஈயம், மெல்லிசு நரம்பு ஒரு சுத்து. ரோகு, கட்லாவுக்கு இன்னொண்ணு. கெளுத்தி, வாளைக்கு கனமான டப்பா, அதுல 1/0-க்கு மேல உள்ள முள்ளு, பெரிய ஈயம், ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்காம சுத்தி விடுற இணைப்பு), தடிமனான லீடர் (முள்ளுக்கு முன்ன கட்டுற தனி நரம்பு). விராலுக்கு ஃபிராக் (தவளை மாதிரி லூர்) மட்டும் தனியா. காலைல எந்த மீனுக்கு போறோமோ அந்த டப்பாவை மட்டும் எடுத்து பையில போட்டா போதும்.

முள்ளு நம்பர் விஷயத்துல புதுசா வர்ற பசங்க கொழம்புறாங்க, 10-ஐ விட 4 பெருசு, 4-ஐ விட 1 பெருசு, அதுக்கப்புறம் 1/0, 2/0, 3/0-ன்னு பெருசாகிட்டே போகும். டப்பா மூடி மேல மார்க்கர்ல எழுதி ஒட்டிடுங்க.

எந்த டப்பா நல்லாருக்கும்? செலவு கம்மியா சொல்லுங்க.

செவ்வாப்பேட்டை பக்கம் கொலுசு பேக் பண்றதுக்கு விக்கிற சின்ன ஜிப் கவர், அறை வெச்ச பிளாஸ்டிக் டப்பா இதெல்லாம் நம்ம வேலைக்கு அப்படியே பொருந்தும், வெள்ளி வேலை பண்ற ஊர்ல இருக்கறதோட லாபம் இது. ஈயக்குண்டுக்கும் ஸ்விவலுக்கும் மெடிக்கல்ல கெடைக்கிற வாரத்துக்கு ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா அருமையா இருக்கும். ரொம்ப பொடி முள்ளுக்கு ஹோமியோபதி மாத்திரை வர்ற குட்டி பாட்டில், மூடி இறுக்கமா இருக்கும், கவுந்தாலும் கொட்டாது.

அம்மாவோட பழைய அஞ்சறைப்பெட்டியை கேட்டு வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. வீட்டு டேபிள் மேல வெச்சு முள்ளு கட்டுறதுக்கு நல்லாருக்கும், வண்டியில கொண்டு போறதுக்கு ஆகாது, உள்ள இருக்கற கிண்ணத்துக்கு மூடி கெடையாது, ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறுனா 10 நம்பரும் 2 நம்பரும் ஒண்ணாயிடும். அப்புறம் ஈயம் வெச்ச பெட்டி திரும்ப மஞ்சத்தூளுக்கு போகக்கூடாது, அதை மொதல்லயே வீட்டுல சொல்லிடுங்க.

ரப்பர் புழு எல்லாம் டப்பாவோட ஒட்டி உருகிப் போச்சு, ஏன் ப்ரோ?

ரெண்டு காரணம். ஒண்ணு, அந்த மென்மையான லூர்ல பெரும்பாலானது பிவிசியோட எண்ணெய் மாதிரி ஒரு பிளாஸ்டிசைசர் சேத்து பண்றது, அந்த எண்ணெய்தான் அதை வளைய வெக்குது. கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கற பாலிஸ்டைரின் டப்பாவுல போட்டா அந்த எண்ணெய் டப்பாவையே கரைக்கும், ரெண்டும் சேந்து கோந்து ஆயிடும். டப்பாவுக்கு அடியில முக்கோணத்துக்குள்ள 5 நம்பர் போட்டிருந்தா அது பாலிப்ரொப்பிலீன், அதுல வெக்கலாம். 6 நம்பர் போட்டிருந்தா வேண்டாம். அதைவிட சிம்பிள், வாங்குன கவர்லயே வெச்சிடுங்க, கம்பெனிக்காரன் அந்த கவரை அதுக்குன்னே குடுத்திருக்கான்.

ரெண்டாவது காரணம் நம்ம ஊரு வெயில். ஏப்ரல், மே மாசம் சேலத்துல வெளியவே 40 டிகிரியை தொடுது, வெயில்ல நிக்கிற வண்டியோட சீட்டுக்கு அடியில அதைவிட அதிகமா இருக்கும். சீட்டுக்கு அடியில லூர் வெச்சுட்டு மத்தியானம் ஆபீஸ் போயிட்டு வந்தா சாயங்காலம் கொழம்புதான்.

இன்னொண்ணு, செவப்பு புழுவையும் வெள்ளைப் புழுவையும் ஒரே கவர்ல போட்டா கலர் ஏறிடும், திரும்ப போகாது. நல்லா இழுபடுற எலாஸ்டோமர் வகை ஒண்ணு வருது பாருங்க, அதை சாதா ரப்பர் புழுகூட சேக்கவே கூடாது, ஒண்ணை ஒண்ணு தொட்டாலே ரெண்டும் இளகிடும்.

பூச்சி வராம இருக்க அந்துருண்டை போடலாமா?

வேண்டாங்க. அந்த ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிடும், அது மட்டுமில்லாம லூர்ல வாசனை ஏறிட்டா எந்த மீனும் கிட்ட வராது.

சேலத்துல இருக்கறவருக்கும் ஏற்காட்டுல இருக்கறவருக்கும் ஒரே முறைதானா?

இல்ல, இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல, வெளிநாட்டு வீடியோ பாத்து டப்பா மூடியில ஓட்டை போடுறாங்க, காத்தோட்டமா இருந்தா துருப்பிடிக்காதுன்னு. கீழ சேலத்துல அது சரி, வருஷத்துல பெரும்பாலான நாள் காத்து வறண்டுதான் இருக்கு, ஓட்டை வழியா உள்ள இருக்கற ஈரம் வெளிய போயிடும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்துல மூடுபனி ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளயே வந்து ஒக்காரும், பீரோவுல இருக்கற தோல் செருப்புல பூஞ்சை பூக்குற ஊரு அது. அங்க ஓட்டை போட்டா வெளிய இருக்கற ஈரம் உள்ள வரும், அவ்வளவுதான். ஏற்காட்டுக்காரங்க ரப்பர் வாஷர் வெச்ச இறுக்கமான டப்பா வாங்கி உள்ள சிலிக்கா ஜெல் போடணும், நல்லா காஞ்ச வெயில் நாள்ல மட்டும் எல்லாத்தையும் எடுத்து காத்தாட வெச்சு திரும்ப மூடணும்.

மேல கீழ போயிட்டு வர்றவங்களுக்கு இன்னொரு சங்கதி இருக்கு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறுனதும் குளுரு எறங்குதுல்ல, சேலத்துல மழை நாள்ல மூடுன டப்பாக்குள்ள இருக்கற சூடான ஈரக்காத்து மேல போனதும் குளுந்து முள்ளு மேல வேர்க்கும். அதே மாதிரி மேல குளுந்து கெடந்த ரீலை கீழ கொண்டாந்த உடனே பையை தொறந்தா கண்ணாடி மேல ஆவி படியற மாதிரி இரும்பு மேல தண்ணி படியும். கீழ வந்ததும் பையை மூடுனபடியே ஒரு ரெண்டு மணி நேரம் விட்டுட்டு அப்புறம் தொறங்க.

செருப்பு டப்பால வர்ற சிலிக்கா ஜெல் போதுமா?

அது நம்ம கைக்கு வர்றப்பவே பெரும்பாலும் ஈரம் குடிச்சு முடிச்சிருக்கும். சிலிக்கா ஜெல் நல்லா காஞ்சிருந்தா தன்னோட எடையில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு வரைக்கும் தண்ணியை இழுத்து வெச்சுக்கும், அதுக்கப்புறம் சும்மா கல்லுதான். ஆரஞ்சு கலர் மணி வாங்குங்க, ஈரம் ஏறுனா பச்சையா மாறும், பாத்ததும் தெரியும். ஓவன் இருந்தா 110, 120 டிகிரில ரெண்டு மணி நேரம் வெச்சா திரும்ப ஆரஞ்சாயிடும், மறுபடி பயன்படுத்தலாம். நீலக்கலர் மணியும் கெடைக்குது, அதுல கோபால்ட் குளோரைடு இருக்கு, நல்லது இல்ல, அடுப்படி பக்கமே கொண்டு போகாதீங்க. ஆரஞ்சா இருந்தாலும் சமையல் பாத்திரத்துல போடாம ஒரு பழைய தட்டை இதுக்குன்னு ஒதுக்கிடுங்க.

அரிசி போட்டா போதும்னு ஒரு வைத்தியம் சுத்திட்டு இருக்கு. அரிசி இழுக்கறது ரொம்ப கம்மி, அதுல வர்ற வண்டுதான் மிச்சம்.

முள்ளு துருப்பிடிக்காம எப்படி வெக்கிறது?

பயன்படுத்துன முள்ளை புது முள்ளு கூட சேக்காதீங்க, இது ஒண்ணுதான் பெரிய விதி. ஈரமா ஒரே ஒரு லூரை திரும்ப டப்பாக்குள்ள போட்டாலும் அது மொத்த டப்பாவையும் கெடுக்கும், பக்கத்துல இருக்கற லூர் மேலயும் துருக்கறை ஏறும். அதனால கரையில இருந்து வர்றப்ப பயன்படுத்துனது எல்லாத்துக்கும் ஒரு தனி டப்பா வெச்சுக்கங்க, மூடி இல்லாத பழைய டிஃபன் பாக்ஸ் கூட போதும். வீட்டுக்கு வந்து நல்ல தண்ணில அலசி, நெழல்ல ஒரு ராத்திரி காய வெச்சு, மறுநாள் அதது எடத்துல போடுங்க. மறுநாள் திங்கக்கிழமை, ஆபீஸ் அவசரத்துல மறந்துடுவீங்க, பரவால்ல, தனி டப்பாவுல இருக்கற வரைக்கும் நஷ்டம் அந்த நாலு லூரோட நிக்கும்.

மூணு முனை உள்ள முள்ளு ஒண்ணோட ஒண்ணு சிக்குதுன்னா மீன் தொட்டிக்கு காத்து போற டியூபை ஒரு இஞ்ச் அளவுக்கு வெட்டி முனையில சொருகிடுங்க. விரலும் தப்பிக்கும்.

விரால் ஃபிராக் சப்பையாயிடுது.

உள்ள காலியா இருக்கற லூர் அது, அடியில ஓட்டை வழியா தண்ணி ஏறும். வீட்டுக்கு வந்ததும் நல்லா அமுக்கி தண்ணியை வெளியேத்தி, அந்த ஓட்டை கீழ பாத்த மாதிரி காய விடுங்க, இல்லன்னா உள்ள இருக்கற முள்ளோட தண்டு துருப்பிடிச்சு நல்ல மீன் கடிக்கிற அன்னிக்கு உடையும். டப்பாவுல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க, வெயில் காலத்துல அமுங்குன வடிவத்துலயே நின்னுடும். கொஞ்சூண்டு முகப்பவுடர் தூவுனா ஒட்டாது, அடுத்த தடவை போடறதுக்கு முன்ன கழுவிடுங்க.

நரம்பு எத்தனை வருஷம் வரும்? சுருள் சுருளா வருதே.

நைலான் நரம்புக்கு வெயில் ஆகாது, தண்ணியையும் கொஞ்சம் குடிக்கும், ரீல்ல சுத்தி ரொம்ப நாள் வெச்சா அந்த சுருளை ஞாபகம் வெச்சுக்கும். அடிக்கடி போறவங்க வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடறது நல்லது, விலையும் கம்மிதான். பின்னல் நரம்பான பிரெய்டு அப்படி இல்ல, பாலிஎத்திலீன் நூல், தண்ணி குடிக்காது, சுருளாது, கலர் வெளுத்தாலும் பலம் உடனே போகாது, பல வருஷம் வரும். ஃப்ளோரோகார்பன்னு இன்னொரு வகை நரம்பு வெயிலுக்கும் தாங்கும், தண்ணியும் குடிக்காது, ஆனா வெறைப்பு ஜாஸ்தி.

மிச்ச நரம்பை ஜன்னலோரம் வெக்காம இருட்டா இருக்கற டப்பாவுல வைங்க. எத்தனை பவுண்டு தாங்கும், எந்த மாசம் வாங்குனதுன்னு மேல ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதுங்க, ஆறு மாசம் கழிச்சு தடவிப் பாத்து கண்டுபிடிக்க முடியாது. நுனி அவுந்து வராம இருக்க ரப்பர் பேண்டு போடறாங்க, நம்ம ஊரு சூட்டுல அது ஒரு கோடையிலயே இளகி நரம்போட ஒட்டிக்கும், துணி டேப் இல்லன்னா வெல்க்ரோ பட்டை போடுங்க.

ரீலை எப்படி வெக்கிறது? டபிள்யூடி-40 அடிக்கலாமா?

அது ஈரத்தை வெரட்டுறதுக்கும் துருவை இளக்கறதுக்கும் உள்ளது, ரீலுக்குள்ள அடிச்சா இருக்கற கிரீஸையும் கரைச்சு எடுத்துட்டு போயிடும். பல்சக்கரத்துக்கு ரீல் கிரீஸ், பேரிங்குக்கும் நரம்பு ஓடுற உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், அதுவும் ஒரே ஒரு சொட்டு. தையல் மெஷின் எண்ணெய் போடலாம், தேங்காண்ணெய் போடவே கூடாது, ஏற்காட்டு குளுருல உறைஞ்சிடும், கீழ சிக்கு புடிக்கும்.

நம்ம ஊர்ல எல்லாம் நல்ல தண்ணிதான், கடல்ல போட்டவங்க மாதிரி ரீலை பைப்புக்கு அடியில பிடிக்க வேண்டியதில்ல, ஈரத்துணியில தொடைச்சு காய வெச்சா போதும். பூலாம்பட்டி பக்கம் மணல் ஒட்டுனா மட்டும் டிராகை (மீன் இழுக்கறப்ப நரம்பு எவ்வளவு இறுக்கமா விடணும்னு வெக்கிற திருகு) இறுக்கிட்டு மேலாப்ல கொஞ்சம் தண்ணி தெளிச்சு கழுவுங்க, முக்காதீங்க. வெக்கிறப்ப டிராகை முழுசா லூஸ் பண்ணிடுங்க, இறுக்கி வெச்சா உள்ள இருக்கற வாஷர் அமுங்கி அடுத்த தடவை மீன் இழுக்கறப்ப விட்டு விட்டு போகும். மேல பழைய சாக்ஸ் ஒண்ணை மாட்டிடுங்க, ரீலுக்கு கவர் வாங்குற காசு மிச்சம்.

ராடை எங்க வெக்கிறது? வீட்டுல எடமே இல்ல.

மூலையில சாச்சு வெச்சா நாளாக நாளாக வளையும், கதவு இடுக்குல நுனி மாட்டி உடையறதும் அங்கதான். கட்டிலுக்கு அடியில படுக்கப் போடலாம், இல்லன்னா கதவுக்கு மேல சுவத்துல ரெண்டு கொக்கி அடிச்சு படுக்க வெச்சிடலாம், யாருக்கும் எடைஞ்சல் இல்ல. பரண்ல போடுறது தப்பு இல்ல, ஆனா மேல ஆஸ்பெஸ்டாஸ் இல்ல தகர ஷீட்டுன்னா வேண்டாம், அந்த சூட்டுல நுனி வளையத்தை ஒட்டியிருக்கற பசை இளகும். ரெண்டு துண்டு ராடை மாட்டுனபடியே விடாதீங்க, கழட்டி, ஜாயிண்டுல மெழுகுவத்தியை லேசா தேச்சு வைங்க. வளையத்துக்குள்ள கீறல் இருக்கான்னு பாக்க காது குடையற பஞ்சுக்குச்சியை சுத்தி விடுங்க, பஞ்சு மாட்டுனா அங்க கீறல், அது நரம்பை அறுத்துட்டே இருக்கும்.

வண்டியில கொண்டு போக ஹார்டுவேர்ஸ் கடையில பிவிசி பைப் வாங்கி ரெண்டு பக்கமும் மூடி போட்டு, உள்ள அடியில ஸ்பாஞ்சு வைங்க. எக்ஸெல்லோ பல்சரோ, பக்கவாட்டுல படுக்கக் கட்டுங்க, நட்டு வெச்சு ஓட்டாதீங்க. கார்பன் ராடுல கரண்டு பாயும், மேட்டூரை சுத்தி எங்க பாத்தாலும் பவர் லைன் போகுது, கம்பிக்கு அடியில நின்னு வீசறதும் கூடாது. இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க.

ஈயக்குண்டை எத்தனை வெக்கலாம்? கொழந்தைங்க இருக்காங்க.

மேட்டூர் அணையில தண்ணி நல்லா எறங்குன காலத்துல பண்ணவாடில நந்தி செலை வெளிய தெரியும், அந்த மாதிரி பழைய கல்லு, சுவரு எல்லாம் அடியில கெடக்கறதால கீழ போட்டு பிடிக்கறவங்களுக்கு ஈயம் நிறைய அறுந்து போகும். அதனால எக்ஸ்ட்ரா வெக்கிறது சரிதான், ஆனா பூட்டுற பெட்டியில வைங்க. ஈயம் விஷம், கொழந்தை வாயில போட்டா ஆபத்து. குட்டி ஈயத்தை பல்லால கடிச்சு அமுக்குற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு, கொறடு எதுக்கு இருக்கு? தொட்டுட்டு கை கழுவாம பொரி கடலை திங்காதீங்க. மேல வெள்ளையா பவுடர் பூத்திருந்தா அதை ஊதித் தள்ளாம ஈரத்துணியில தொடைச்சு அந்த துணியையும் தூக்கிப் போட்டுடுங்க.

பெயிட் (இரை) மாவு, புண்ணாக்கு எல்லாம் எப்படி வெக்கிறது?

சாமான் டப்பாவோட சேக்கவே வேண்டாம், எலி வரும், எலி வந்தா ரப்பர் லூரையும் சேத்து கடிக்கும். கடலைப்புண்ணாக்கை வேணுங்கற அளவு மட்டும் லீ பஜார்ல வாங்குங்க, ஈரம் பட்டு பூஞ்சை புடிச்சா அதுல நச்சு உண்டாகும், மோந்து பாத்து வித்தியாசமா இருந்தா தூக்கிப் போடுங்க. பெசைஞ்ச மாவு மிச்சமானா ஃபிரிட்ஜ்ல வெக்கலாம், மேல பெருசா எழுதி ஒட்டுங்க, ஒரு வீட்டுல அதை சப்பாத்தியா சுட்ட கதை இருக்கு. மண்புழுவை ஈர மண்ணும் தேங்காநாரும் போட்டு ஓட்டை வெச்ச தெர்மாகோல் பெட்டியில நெழல்ல வைங்க.

நான் சேலம்தான், இப்ப கனடால இருக்கேன், ஐஸ் மேல ஓட்டை போட்டு மீன் பிடிக்கற சாமானை கோடையில எப்படி வெக்கிறது?

உங்களுக்கு பிரச்சனை நேர் எதிர், அங்க சீசன் முடிஞ்சதும் பல மாசம் மொத்தமா மூடி வெக்கணும். அந்த ராடு ரெண்டடி, மூணடிதான் இருக்கும், எடம் பெருசா வேண்டாம், நுனி மெல்லிசுங்கறதால மட்டும் ஒவ்வொண்ணையும் தனி உறையில போடுங்க. ஐஸ் தோண்டுற ஆகர் பிளேடை நல்லா காய வெச்சு லேசா எண்ணெய் தடவி, மூடியை மாட்டி வைங்க, அது கத்தி மாதிரி. கூடாரத்தை ஈரத்தோட மடிச்சா அடுத்த சீசன்ல பூஞ்சை நாத்தத்தோடதான் பிரிப்பீங்க, வீட்டுக்குள்ள ரெண்டு நாள் விரிச்சு காய வெச்சிட்டு மடிங்க, எலி ஏறாத எடமா பாத்து வைங்க. மீன் காட்டுற மெஷினோட லித்தியம் பேட்டரியை முழு சார்ஜ்லயும் வெக்காம, காலியாவும் விடாம, பாதி சார்ஜ்ல குளுச்சியான எடத்துல வைங்க. சீசன்ல வெளிய இருந்து கொண்டாந்த உடனே சார்ஜ் போடாதீங்க, சுழியம் டிகிரிக்கு கீழ இருக்கற லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துனா உள்ள கெட்டுப்போகும், ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் போடுங்க. டங்ஸ்டன் ஜிக் (முள்ளோட சேந்த கன லூர்) எல்லாம் ஈயத்தைவிட கனம், அதனால அளவு ரொம்ப பொடிசா வரும், காந்தத்துல ஒட்ட வெச்சுக்கலாம்னு நம்பாதீங்க, முள்ளு ஒட்டுறதாலதான் ஒட்டுற மாதிரி தெரியும், மூடி இறுக்கமான டப்பாவுலயே வைங்க.

லைசன்ஸ் ஏதாவது வேணுமா?

அது சாமான் கேள்வி இல்லன்னாலும் சொல்றேன். அணையிலயும் ஏரியிலயும் மீன் குத்தகை, உரிமம்னு இருக்கும், மீன்வளத்துறை ஆபீஸ்லயோ குத்தகைக்காரர்கிட்டயோ கேட்டுட்டு போடுங்க. கரையில சாமானை புடுங்கி வெச்சுக்கிட்டாங்கன்னா இவ்வளவு நேரம் படிச்சது வீண்.

பழைய நரம்பு, துருப்பிடிச்ச முள்ளு இதையெல்லாம் என்ன பண்றது?

ஏரியில போடாதீங்க, அவ்வளவுதான் கேக்குறேன். மூக்கனேரியில தீவு தீவா மரம் நிக்குது, அத்தனை பறவை வருது, அது கால்ல ஒரு சுத்து நரம்பு மாட்டுனா பறக்கவும் முடியாம மேயவும் முடியாம சாகும். நரம்பை ஒரு விரக்கடை அளவுக்கு துண்டு துண்டா வெட்டுங்க, முள்ளை கொறடால நசுக்கி மழுக்குங்க, ரெண்டையும் ஒரு தண்ணி பாட்டில்ல போட்டு மூடி இறுக்கி குப்பையில போடுங்க, குப்பை எடுக்க வர்றவங்க கையும் தப்பிக்கும். ஈயத்தை மட்டும் அதுல சேக்காம தனியா சேத்து வெச்சு பழைய இரும்புக்கடையில குடுங்க, எடைக்கு காசு குடுப்பாங்க.